பன்னிரண்டு நாள் இரைச்சல்

இந்த வாரம் என் தொடர்கதைக்கு வந்த கடிதங்களில் பாதி வசவு. "அந்த அப்பாசாமியை ஏன் அப்படிப் பேச விட்டீர்கள்?" என்று கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். நான் எங்கே அம்மா பேச விட்டேன்? அந்த மனிதர் யார் சொல்லிக் கேட்கிற ஆள்? எழுதும்போது எனக்கே பேனாவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலாக்கா காஜா பெராங்கில் குடியிருக்கிற அப்பாசாமி, டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் நல்லையா பதினாலு மாதத்துக்கு முன் ஜாசின் ரோட்டில் லோரி மோதி இறந்துபோனான். அவன் மனைவி கோகிலாவும் ஐந்து வயது மகள் அஞ்சலையும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் ஆசையாக வாங்கிய ரேடியோவும் கூடத்தில்தான் இருக்கிறது.

அந்த ரேடியோ பன்னிரண்டு நாளாகப் பேசவில்லை. இரைகிறது. "என் மகனை முழுங்கின கை பட்டுத்தான் ரேடியோவும் செத்துச்சு" என்று கோகிலாவைக் காட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டார் அப்பாசாமி. ஞாயிற்றுக்கிழமை கோகிலாவின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பிள்ளை மட்டும் இங்கேயே இருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டாயிற்று.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்ட் இருபத்தைந்து. வருகிற சனிக்கிழமை நாட்டுக்குச் சுதந்திரம். அப்பாசாமி வீட்டுக்கு என்ன வருகிறது என்று பார்ப்போம்.

காலை பத்து மணிக்கு அவர் தகரக் கூரைமேல் இருந்தார்.

"இப்ப எப்படி?" என்று மேலிருந்து கத்தினார்.

"இரையுது!" கூடத்திலிருந்து மகள் மல்லிகா பதில் கொடுத்தாள்.

"இப்ப?"

"இன்னும் ஜாஸ்தியா இரையுது!"

"ஒழுங்காக் கேளுடி! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?"

"பஞ்சு வைக்கணும்னுதான் பார்க்கிறேன்!" என்றாள் மல்லிகா. அது மேலே கேட்காத அளவுக்குத்தான் சொன்னாள்.

ரேடியோவுக்கு இரண்டு கம்பி உண்டு. ஒன்று வானத்துக்குப் போகிற ஏரியல். மற்றது மண்ணுக்குப் போகிற எர்த். லைன்மேனுக்குக் கண் எப்போதும் மேலேதான் இருக்கும். முப்பது வருஷத்தில் அப்பாசாமி கண்டுபிடித்த கோளாறெல்லாம் உயரத்தில் இருந்தவை. கம்பிமேல் விழுந்த தென்னை மட்டை, சிக்கிக்கொண்ட காற்றாடி, கம்பத்தில் உடைந்த பீங்கான் குமிழ். ஆகவே இதுவும் மேலேதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். ஏரியல் கம்பியை மாற்றினார். அதைத் தாங்கிய மூங்கிலை மாற்றினார். பக்கத்து வீட்டுச் சீனரோடு சண்டை போட்டு அவருடைய மாமரத்தில் இரண்டு கிளையை வெட்ட வைத்தார். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. எதுவும் பலிக்காதபோதெல்லாம் இறங்கி வந்து கோகிலாவைத் திட்டினார்.

இன்று அவருக்கு அவசரம் வேறு. நாலு மணிக்கு மூவாரிலிருந்து மல்லிகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ரேடியோவைப் பற்றி மூன்று வரி அளந்திருந்தார். 'மருமகள் பிறந்த வீட்டோடு போய்விட்டாள்' என்று இன்னொரு வரியும் எழுதியிருந்தார். அது பச்சைப் பொய். அதை மெய்யாக்கத்தான் மூன்று மணி பஸ்ஸில் அண்ணன் கணேசமூர்த்தி வர வேண்டும். தாலி இழந்தவள் ஒருத்தி மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

உள் அறையில் கோகிலா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். தன் புடவை மூன்றை வைத்தாள். அதற்கு மேல் அஞ்சலையின் மஞ்சள் கவுனை மடித்து வைத்தாள்.

மாமியார் பொன்னம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து கவுனை வெளியே எடுத்தாள்.

"பிள்ளை துணி எதுக்கு கோகிலா? அவர்தான் சொல்லிட்டாரே."

"அவர் சொல்லிட்டார். நீங்க என்ன அத்தை சொல்றீங்க?"

"நான் சொல்லி இந்த வீட்டுல என்ன நடந்திருக்கு?"

"நீங்களும் ரெண்டு பெத்தவங்க. ஒன்னைப் பறிகொடுத்தவங்க. பிள்ளையைப் பிரிஞ்சா எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

பொன்னம்மாவின் வாய் கோணிக்கொண்டது. அழுகையை அடக்கினாளோ, பதிலை அடக்கினாளோ, எனக்குத் தெரியாது. கவுனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்விட்டாள். திருப்பி வைக்கவில்லை.

கோகிலா பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. அதைப் பயம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் போன வாரம் அப்படித்தான் எழுதினேன். நானும் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்கு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஜாலான் துக்காங் எமாஸில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற அப்துல் கய்யூம், தோளில் தோல் பையோடு இறங்கினார்.

அப்பாசாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரு உன்னை வரச் சொன்னது?"

"நான்தான்பா," என்றாள் மல்லிகா.

"ஏன், உங்கப்பனுக்கு வேலை தெரியாதா? மலாக்கா டவுன்ல பாதி லைன் நான் இழுத்தது!"

"அதான் பன்னண்டு நாளா இழுத்துக்கிட்டே இருக்கீங்களே!"

கய்யூம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "அண்ணே, நான் ஒன்னும் உங்க வேலையைக் குத்தம் சொல்ல வரல. தங்கச்சி கடைக்கு வந்து அழுகாத குறையாச் சொல்லுச்சு. சும்மா பார்த்துட்டுப் போறேன் லா."

"பாரு. பார்த்து என்ன கிழிக்கிறேன்னு நானும் பார்க்கிறேன்."

கய்யூம் குமிழைத் திருப்பினார். வால்வு சூடேறுகிற வரைக்கும் காத்து நின்றார். ரேடியோவின் நெற்றியில் ஒரு பச்சைக் கண் உண்டு. ஸ்டேஷன் நன்றாகப் பிடித்தால் அது குறுகி மூடிக்கொள்ளும். இப்போது அது அகல விரிந்து எல்லோரையும் முறைத்தது. அடை மழை பெய்கிற மாதிரி இரைச்சல் வந்தது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு மனிதக் குரல் முனகியது.

ஏரியல் மாட்டுகிற இடத்தில் விரலை வைத்தார். குர்ரென்று சத்தம் கூடியது. "ஏரியல் பக்கம் உசிரு இருக்கு."

"இருக்காதா பின்னே? நான் கட்டினதாச்சே!"

அடுத்து எர்த் கம்பியைப் பிடுங்கினார். இரைச்சல் அப்படியே இருந்தது. திரும்ப மாட்டினார். அப்படியே இருந்தது. இன்னொரு முறை பிடுங்கி, மாட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அண்ணே, இதைப் பிடுங்கினா இரைச்சல் ஏறணும், மாட்டினா இறங்கணும். ரெண்டுக்கும் ஒரே சத்தம் வருது. கம்பி போய்ச் சேர்ற இடத்துல ஆளில்லைன்னு அர்த்தம். எர்த்தை எங்கே அடிச்சிருக்கீங்க?"

"அது நான் சொல்லி அடிச்ச எர்த்து! முந்தாநாள் கூட ஜன்னல்கிட்ட கம்பியை இழுத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கு."

"கல்லு மாதிரி இருந்தா அதுதாண்ணே சூசா, அதுதான் தொல்லை. மண்ணு மண்ணு மாதிரில்ல இருக்கணும்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவரே கூடத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பழித்துக்கொண்டிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே அப்பாசாமி பின்னால் நடந்தார். கய்யூமும் மல்லிகாவும் தொடர்ந்தார்கள். பொன்னம்மா நொண்டிக்கொண்டு கடைசியாக வந்தாள்.

ஜன்னல் வழியே வெளியே வந்த கம்பி சுவரோரமாக ஓடி, சமையல்கட்டுக்குப் பின்னால், தகரத் தாழ்வாரத்தின் கீழ் இருந்த துளசி மாடத்துக்குள் போய் முடிந்தது.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அப்பாசாமிதான். ரேடியோ வாங்கி வந்த அன்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எர்த்து எப்பவும் ஈரமா இருக்கணும்டா. துளசிக்குத் தினம் தண்ணி ஊத்துறாங்க. மாடத்துக்குள்ளேயே அடிச்சிடு." நல்லையா செம்புத் தண்டை மண்ணில் இறக்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் கோகிலா. நல்ல யோசனைதான். நான் அவரைத் திட்டினாலும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

கய்யூம் குனிந்து திருப்புளியால் மண்ணைக் குத்தினார். டக்கென்றது. மண் பாளம் பாளமாக வெடித்து, தண்டைச் சுற்றி விரல் போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. துளசியில் அடியில் மட்டும் நாலு இலை பச்சை. மேலெல்லாம் சருகு.

"அல்லா! இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

"மல்லிகாதான்," என்றாள் பொன்னம்மா.

"நானா? நீதானேம்மா ஊத்துறே?"

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் வாளி தூக்குவேனாடி? சாயந்திரம் படியில நின்னு விளக்கைக் காட்டிட்டு உள்ளே போயிடுறேன். நீ ஊத்துறேன்னுல்ல நினைச்சேன்!"

"அப்ப இத்தனை வருஷமா யாரு..." என்று ஆரம்பித்த மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. பத்தொன்பது நாளைக்கு முன் அப்பாசாமியின் தங்கை சந்திரமதி செமாபோக்கிலிருந்து வந்தாள். கோகிலா கையில் செம்போடு நிற்பதைப் பார்த்து, "அறுத்தவ துளசிக்குத் தண்ணி ஊத்துற வீட்டுக்கு நல்ல வரன் எங்கேண்ணே வரும்?" என்று பற்ற வைத்தாள். அப்பாசாமி அந்த இடத்திலேயே கோகிலா கையிலிருந்து செம்பைப் பிடுங்கினார். "இனிமே இந்தத் துளசிகிட்ட உன் நிழல் படக்கூடாது." அன்று செம்பைப் பிடுங்கியவர், அடுத்து யார் ஊற்றுவது என்று சொல்லவில்லை. அதெல்லாம் வீட்டில் தானாக நடக்கும் என்று நினைக்கிற ஆண்பிள்ளை அவர்.

சமையல்கட்டு வாசலில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். படி தாண்டவில்லை.

அப்பாசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "சரி சரி. போனது போகட்டும். கோகிலா, ஒரு வாளி தண்ணி கொண்டாந்து ஊத்து. மணி மூணே கால் ஆகுது."

"மாட்டேன் மாமா."

"என்ன சொன்னே?"

"மாட்டேன்னு சொன்னேன். ஆகாத கை துளசிக்கு ஆகாது. ரேடியோவுக்கு மட்டும் ஆகுமா?"

"ஏய்! யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. மகனை முழுங்கினவன்னு என்னைச் சொன்னவர்கிட்ட பேசுறேன்." அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணில் பயம் இல்லை. "ரேடியோ ஏன் இரையுதுன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்."

கய்யூம் திருப்புளியைப் பையில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"உங்க மகன்தான் சொல்லிக் கொடுத்தார், மண்ணு காஞ்சா ரேடியோ இரையும்னு. நீங்க கூரைமேல ஏறினப்ப எனக்குத் தெரியும். சீனர்கிட்ட சண்டை போட்டப்ப தெரியும். என் கை பட்டுச் செத்துச்சுன்னு தெருவுக்கே கேட்கக் கத்தினீங்களே, அப்பவும் தெரியும்."

பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! துளசி காயுறதைப் பார்த்துக்கிட்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"பார்த்தேன் அத்தை. தினம் விடியக்காலையில எழுந்திரிச்சு இந்தப் படியில நின்னு பார்த்தேன். வயிறு எரிஞ்சுது. ஆனா கிட்ட போகக்கூடாதுன்னு உத்தரவு. நீங்க மூணு பேர்ல ஒருத்தராவது திரும்பிப் பார்ப்பீங்கன்னு காத்திருந்தேன். துளசியையும் பார்க்கல, என்னையும் பார்க்கல. எல்லாரும் ரேடியோவைப் பார்த்தீங்க."

அப்பாசாமி மகள் பக்கம் திரும்பினார். "மல்லிகா, நீ ஊத்துடி."

மல்லிகா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் போய் அண்ணி பக்கத்தில் நின்றாள்.

"நானும் ஊத்த மாட்டேன்பா. என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னுதானே இவ்வளவும்? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு பழமொழியாக் கேட்டிருக்கேன். இந்த வீட்டுல மாமனார் உடைச்ச குடத்துக்கு மருமக வீட்டை விட்டுப் போகணுமா? நீங்க காய வச்சது. நீங்களே ஊத்துங்க."

கய்யூம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் ஊத்தலாம்ணே. ஆனா உங்க சாமிச் செடி. நாளைக்கு அதுக்கும் ஒரு பேச்சு வரும். நான் கூடத்துல போய்ப் பெட்டியைக் கவனிக்கிறேன்."

அப்பாசாமிக்கு முகம் செங்கல் நிறமாகிவிட்டது. வாளியை ஒரு உதை விட்டார். அது உருண்டு போய்க் குழாயடியில் நின்றது. யாரும் எடுக்கப் போகவில்லை. கடைசியில் தானே போய் எடுத்தார், குழாயைத் திறந்தார், தூக்கி வந்து மாடத்தில் கொட்டினார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. காய்ந்த பாளத்தின்மேல் வழுக்கி, அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு கீழே ஓடியது.

"மண்ணைக் கையால பேர்த்து விடணும் மாமா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்," என்றாள் கோகிலா, படியில் நின்றபடியே.

அவர் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு, மண்டியிட்டு, பத்து விரலாலும் மண்ணைப் பேர்த்தார். நாலு வாளி ஊற்றினார். மூன்றே முக்காலுக்குக் கூடத்திலிருந்து கய்யூம் கத்தினார்: "வந்துருச்சு! கண்ணு மூடிருச்சுண்ணே!"

வீடு முழுக்க ஒரு பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது. குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஓடி வந்த அஞ்சலை ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கய்யூம் கூலி வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அப்பாசாமி முழங்கை வரை சேற்றோடு உள்ளே வந்தார். ரேடியோ பேசியதும் அவருக்குப் பழைய தோரணை திரும்பிவிட்டது. "சரி. ரேடியோ கோளாறு அவளால இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. ஒத்துக்கிறேன். ஆனா மூவார்க்காரங்க வந்து போற வரைக்கும் கோகிலா பின்னால கோழிக் கொட்டகைப் பக்கம் இருக்கட்டும். உன் அண்ணன் வந்ததும் போயிடு. பிள்ளை எங்க ரத்தம், அது இங்கதான் இருக்கும்."

கேட்டீர்களா? சேறு கூட இன்னும் காயவில்லை.

கோகிலா உள் அறைக்குப் போனாள். டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில், மாப்பிள்ளை வீட்டாருக்காக விரித்திருந்த பாயின் மேல் வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். அஞ்சலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளையோட போறேன். இல்லாட்டி பிள்ளையோட இங்கேயே இருக்கேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க மாமா. மூணாவது கிடையாது."

"எந்திரிடி! எந்திரிச்சு உள்ளே போ! அவங்க வர்ற நேரம்!"

"வரட்டும். தாய்கிட்டேருந்து பிள்ளையை எதுக்குப் பிரிக்கிறீங்கன்னு அவங்க முன்னாலேயே சொல்லுங்க."

பொன்னம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய் அந்த மஞ்சள் கவுனை எடுத்து வந்து பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

"அடியே, நீயுமா?" என்று அப்பாசாமி கையை ஓங்கிய நேரத்தில் வாசலில் கார் ஹாரன் அடித்தது.

மூவார்க்காரர்கள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கணேசமூர்த்தியின் பஸ் இன்னும் வந்தபாடில்லை. கையைக் கழுவ நேரமில்லாமல், இளிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு அப்பாசாமி வாசலுக்கு ஓடினார்.

மாப்பிள்ளையின் தாயார் காரிலிருந்து முதலில் இறங்கினார். தாம்பாளத்தை மகனிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டவர், அப்பாசாமியின் கையைப் பார்த்தார்.

"என்னங்க, கையெல்லாம் சேறா இருக்கு?"

"துளசிக்குத் தண்ணி ஊத்தினேங்க," என்றார் அப்பாசாமி. அன்று அவர் பேசியதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

"அட! ஆம்பளை துளசிக்குத் தண்ணி ஊத்துற வீட்டை இப்பத்தான் பார்க்கிறேன். தினம் நீங்கதான் ஊத்துவீங்களா?"

"ஆமாங்க. தினம் நான்தான்..."

"இன்னைக்குத்தான் மொதல் தடவை," என்று கூடத்திலிருந்து கோகிலாவின் குரல் வந்தது.

அந்த அம்மாள் நிலைப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். ரேடியோ, பாய், பாயின்மேல் பெட்டி, பெட்டிமேல் நெற்றியில் பொட்டில்லாத ஒரு பெண், அவள் மடியில் குழந்தை. அப்பாசாமி எழுதிய கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உள்ளே இருக்கிறது யாருங்க?"

அப்பாசாமி சேற்றுக் கையை வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார்.

அலங்காரம் பண்ணிக்கொள்ளாமல், இடுப்பில் செருகிய தலைப்பைக் கூட எடுக்காமல், மல்லிகா வந்து அண்ணியின் தோளில் கை வைத்தாள்.

"எங்க அண்ணிங்க. உங்களுக்கு அப்பா எழுதின மாதிரி எங்கேயும் போகல. இந்த வீட்டுல தினம் துளசிக்குத் தண்ணி ஊத்தினது அவங்கதான். உட்கார்றதா இருந்தா உள்ளே வாங்க."